கைப்பேசி வந்துவிட்ட வீட்டில் பிள்ளையின் படிப்பு: புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வரத் தொடங்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி முறைப்படி பிள்ளையின் கைக்குப் போகிறது. அதற்கு முன்பே சோறு ஊட்டும்போதும் பேருந்துப் பயணத்திலும் கொடுத்துப் பழக்கியிருப்போம். ஆனால் 'படிப்புக்காக' என்ற காரணம் சேர்ந்துவிட்ட பிறகு அதைத் திரும்ப வாங்கி வைப்பது எளிதாக இருப்பதில்லை. அந்த நிலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. 6 முதல் 10 வரையிலான வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளையும், தனி அறையோ தனிக் கைப்பேசியோ இல்லாத சாதாரண வீடுகளையும் மனத்தில் வைத்து இதன் படிகள் அமைக்கப்பட்டுள்ளன.

கைப்பேசி படிப்பைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்ற விவாதத்தில் இரு தரப்புக்கும் சான்று கிடைக்கிறது. 81 நாடுகளிலும் பகுதிகளிலும் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட 2022ஆம் ஆண்டின் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில், பள்ளியில் கற்றலுக்காக நாளுக்கு ஒரு மணி நேரம் வரை கருவிகளைப் பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணக்கில் சராசரியாக 14 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றனர். அதே தேர்வில், கணக்கு வகுப்பில் பக்கத்து மாணவர் கருவியைப் பயன்படுத்தியதால் கவனம் சிதறியதாகச் சொன்னவர்கள் 15 புள்ளிகள் குறைவாகப் பெற்றனர். இந்தியா அந்தச் சுற்றில் பங்கேற்கவில்லை. நம் நாட்டு ஊர்ப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரிடம் 2024இல் பிரதம் தொண்டு நிறுவனம் நடத்திய ஏசர் கணக்கெடுப்பு வேறொரு செய்தியைத் தருகிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியிருந்தனர். சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காட்டினர். ஆகவே கைப்பேசி வேண்டுமா வேண்டாமா என்பதில் நேரத்தைச் செலவிடுவதைவிட, அது எந்த வேளையில், எதற்குப் பதிலாகக் கைக்கு வருகிறது என்று பார்ப்பதே பயன் தரும். கீழேயுள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

விதி போடுவதற்கு முன் நிலைமை தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதியும், ஐஃபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியும் இருக்கின்றன. எந்தச் செயலி எத்தனை நிமிடம் திறந்திருந்தது, கைப்பேசி ஒரு நாளில் எத்தனை முறை கையில் எடுக்கப்பட்டது, எத்தனை அறிவிப்புகள் வந்தன என்ற மூன்றையும் அங்கே பார்க்கலாம். பெற்றோரின் கண் முதலில் போவது மொத்த மணிக்கணக்கின் மேல்தான். என் கருத்தில் மூன்றிலும் குறைந்த பயன் தருவதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்த்ததால் திங்கட்கிழமைப் பாடம் கெட்டுப்போவதில்லை. வீட்டுப்பாடம் எழுதும் ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து முறை கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு வைக்கும் பிள்ளைக்குத்தான் பாடம் கெடுகிறது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த இரண்டாவது பிள்ளை அடக்கமான பிள்ளையாகத் தெரியும்.

வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால், அப்பாவின் செய்தியும் அம்மாவின் சீரியலும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே கணக்கில் கலந்துவிடும். அப்போது ஒரு பழைய நோட்டை எடுத்துக் கைப்பட எழுதுவதே சரியான வழி. எந்நேரத்தில் எடுத்தான், எதற்காக எடுத்தான், அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டிய வேலை எது என்று மூன்று குறிப்புகள் போதும். இந்த வாரத்தில் திட்டவோ, எண்களைக் காட்டிக் குற்றம் சாட்டவோ கூடாது. கண்காணிப்பு தெரிந்தவுடன் பழக்கம் மாறிவிடும். மாறிய பழக்கத்தை எழுதி வைப்பதில் பயன் இல்லை. வார முடிவில் பெரும்பாலும் மூன்று வேளைகள் தனித்துத் தெரியும்: பள்ளி விட்டு வந்தவுடன், வீட்டுப்பாடத்துக்கு நடுவில், படுக்கையில். இவற்றுள் எது உங்கள் வீட்டில் பெரியதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் படி: சிக்கல் கவனத்திலா, ஆர்வத்திலா என்று பிரித்துப் பாருங்கள்

'படிப்பில் நாட்டமே இல்லை' என்ற ஒரே முறையீட்டுக்குள் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. உட்கார விருப்பம் இருந்தும் உட்கார்ந்த வேலையை முடிக்க முடியாமல் போவது ஒன்று. உட்காரவே மனம் வராமல் தள்ளிப் போடுவது மற்றொன்று. முதலாவதற்கு இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தினால் போதும். இரண்டாவதற்கு அது போதாது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தாலும் அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

கவனம் எப்படி அறுபடுகிறது என்பதை எட்டாம் வகுப்பின் கூட்டுவட்டிக் கணக்கு ஒன்றில் நெருங்கிப் பார்க்கலாம். 8,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் மூன்றாண்டு முடிவில் கிடைக்கும் தொகை என்ன என்பது கேள்வி. முதலாண்டு முடிவில் 8,400, இரண்டாமாண்டு முடிவில் 8,820 என்று மகள் சரியாகவே எழுதிவிட்டாள். அந்த நேரத்தில் கைப்பேசி அதிர்கிறது. நாளைக்கு விளையாட்டு வகுப்பு உண்டா என்று தோழி கேட்கிறாள். பதில் அனுப்பப் பத்து நொடிகள்தான் ஆகின்றன. திரும்பி வந்தபோது தாளில் 8,820 இருக்கிறது. ஆனால் அடுத்த வட்டியை எந்தத் தொகைக்குப் போட வேண்டும் என்பது மனத்திலிருந்து நழுவிவிட்டது. மீண்டும் 8,000க்கே வட்டி போட்டு, 400ஐக் கூட்டி, 9,220 என்று முடிக்கிறாள். சரியான விடை 9,261. நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கு இவளுக்குக் கூட்டுவட்டியே புரியவில்லை என்று தோன்றும். அவளுக்கும் தனக்குக் கணக்கு வராது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றும். கவனத்தில் விழுந்த விரிசல் ஆர்வத்தையும் கெடுப்பது இப்படித்தான்.

ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் நினைவு மனத்தில் தங்கி, புதிய வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்துக்கு முழுமையாகத் திரும்ப 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை குறிப்பிடுகிறது. பத்து நொடிப் பதிலுக்கு உண்மையான விலை பத்து நொடி இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல இந்தக் கணக்கையே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

ஆர்வத்தின் கதை வேறு. குறுங்காணொளிகளை ஒவ்வொன்றாகத் தள்ளும்போது அடுத்து வருவது நன்றாக இருக்குமா, சுமாராக இருக்குமா என்பது தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகவே உயிர்கள் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் கடந்த நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். பள்ளிப் படிப்பின் பரிசோ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஜூலையில் படித்த பாடத்துக்குக் காலாண்டுத் தேர்வில்தான் மதிப்பெண் தெரியும். விடைத்தாள் கைக்கு வருவதற்குள் படித்தது மறந்தே போயிருக்கும். ஒரு நொடியில் கிடைக்கும் பலனோடு இரண்டு மாதம் கழித்துக் கிடைக்கும் பலன் போட்டி போடுகிறது. அதில் பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சோம்பேறித்தனம் என்று பெயரிட்டு முடித்துவிட முடியாது.

மூன்றாம் படி: கைப்பேசிக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்குங்கள்

படிக்கும் நேரத்தில் கைப்பேசி மேசையில் கவிழ்ந்து கிடப்பதோ பையில் இருப்பதோ போதாது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அணைத்து வைக்கப்பட்ட கைப்பேசியும் பக்கத்தில் இருந்தால் மனத்தின் ஒரு பகுதி அதன்மேல் இருக்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எழுதினர். பின்னர் அதைச் சோதித்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை. இருந்தாலும் வேறு இடத்தில் வைப்பதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. எட்டாத பொருளை எடுக்க எழுந்து போக வேண்டும் என்ற சிறு சிரமமே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒரே கூடமும் சமையலறையும் உள்ள வீட்டில் சமையலறை அலமாரியின் மேல்தட்டு நல்ல இடம். ஃபிரிட்ஜின் தலையும் ஆகும். சார்ஜரை அங்கேயே நிரந்தரமாகச் செருகி வையுங்கள். இரவிலும் அங்கேயே இருக்க வேண்டும் என்பதால், காலையில் எழுப்பக் கைப்பேசிதான் வேண்டும் என்ற காரணத்தை அறுக்க ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். பிள்ளை படிக்கும் அந்த நேரத்தில் கூடத்தில் தொலைக்காட்சி ஓடினால் இந்த ஏற்பாட்டால் பயன் இல்லை. சீரியலை விட முடியாத வீடுகளில் பாட்டியின் நேரத்தையும் பேரனின் நேரத்தையும் முட்டாமல் பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

நான்காம் படி: வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியிலிருந்து தாளுக்கு இறக்குங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது. பிள்ளை கைப்பேசியை எடுப்பதற்கான நேர்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. கவனம் நழுவும் வாசலும் இதுதான். வகுப்புக் குழுவில் வந்த வீட்டுப்பாடப் படத்தைப் பார்க்கத் திறக்கிறான். படத்துக்கு மேல் இருபது 'நன்றி ஐயா'க்கள், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, யாரோ அனுப்பிய ரீல்ஸ் இணைப்பு. இணைப்பைத் தொட்டால் இன்ஸ்டாகிராம் திறக்கும். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால், 'ஹோம்வொர்க்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பான். அது முழுப் பொய்யும் ஆகாது.

ஆகவே வீட்டுப்பாடம் பார்ப்பதற்கென்று மாலையில் ஒரே ஒரு வேளையை வையுங்கள். குழுவைப் பெற்றோரோ, பெற்றோரின் பக்கத்தில் இருந்து பிள்ளையோ திறந்து, பாடவாரியாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, உடனே கைப்பேசியை அதன் இடத்துக்கு அனுப்ப வேண்டும். படமாக வந்த வினாத்தாள் நீளமாக இருந்தால் பக்கத்துக் கடையில் அச்செடுத்துவிடலாம்; சில ரூபாய்ச் செலவில் ஒரு மாலை மிஞ்சும். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்றால், கைப்பேசியும் அவர்களோடுதான் வரும். அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் வீட்டுப்பாடமே அநீதி என்பது என் எண்ணம். அதைப் பள்ளியிடம் எப்படிப் பேசுவது என்பது கடைசியில் வருகிறது.

படிக்கும்போது எழும் ஐயங்களுக்கு உடனுக்குடன் தேடிப் பார்க்க விடாதீர்கள். தாளின் ஓரத்தில் ஐயங்களை வரிசையாக எழுதி வைத்து, பாடம் முடிந்தபின் மொத்தமாகத் தேடட்டும். பட்டியலில் பாதி, அடுத்த பத்தியைப் படித்தபோதே தானாகத் தீர்ந்திருக்கும்.

பாடக் காணொளி பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி போன்ற ஒரே யூடியூப் சேனலுக்குள் தேடச் சொல்லுங்கள். யூடியூபின் முகப்பில் இறங்கித் தேடுவது திருவிழாக் கடைத்தெரு வழியாக நடந்து நூலகத்துக்குப் போவதைப் போன்றது. காணொளி பார்த்தவுடன் புரிந்துவிட்டது என்ற உணர்வு வரும். அந்த உணர்வை நம்பக் கூடாது. படித்ததைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் காட்டினர். அதையே இங்கும் செய்யலாம். பத்து நிமிடக் காணொளி முடிந்ததும் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, பார்த்ததை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் திட்ட வேண்டாம். எந்த இடத்தில் நின்றுபோனதோ அந்த இடத்தை மட்டும் மீண்டும் பார்க்கட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ வந்துவிட்டது; கணக்கைப் படம் பிடித்து அனுப்பினால் விடை படிப்படியாக வந்துவிடும். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் நடத்திய சோதனையில், சாட்ஜிபிடியைத் தங்கள் விருப்பப்படி பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளை மற்றவர்களைவிட 48 விழுக்காடு நன்றாகச் செய்தார்கள். ஆனால் அது இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பை மட்டும் தருமாறு அமைக்கப்பட்டதைப் பயன்படுத்திய குழுவுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. வீட்டு விதியை இதிலிருந்தே எடுக்கலாம். முதலில் சொந்த முயற்சி தாளில் இருக்க வேண்டும். அடுத்து, 'விடை சொல்லாதே, நான் எந்த வரியில் தவறினேன் என்று மட்டும் சொல்' என்று கேட்க வேண்டும். பிறகு அதை மூடிவிட்டு அதே கணக்கை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: அமைப்புகளைச் சரிசெய்யுங்கள், ஆனால் அவற்றையே நம்பியிருக்காதீர்கள்

அழைப்பையும் முக்கியச் செய்தியையும் தவிர மற்றச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணையுங்கள். பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து அதைப் பதிவு செய்வதையும் நிறுத்திவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் குவிவது பெரும்பாலும் நின்றுவிடும். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியே தனிக் கணக்கு தொடங்கினால், புதுச் செயலி இறக்க உங்கள் ஒப்புதல் தேவைப்படும். உறங்கும் நேரத்தில் கைப்பேசி பூட்டிக்கொள்ளும்படியும் அமைக்கலாம். இவ்வளவையும் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஆனால் செயலியைப் பூட்டினால் உலாவியில் திறக்கவும், உங்கள் விரல் போகும் பாதையைப் பார்த்துப் பூட்டைத் திறக்கவும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அப்படித் திறந்ததைக் கண்டுபிடித்தால் இன்னும் கடுமையான பூட்டைத் தேடுவதற்கு முன், எதைப் பார்க்க இவ்வளவு பாடுபட்டான் என்று கேட்டுப் பாருங்கள். நண்பர் குழுவில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்ற கவலைதான் பல நேரங்களில் விடையாக வரும்.

ஆறாம் படி: உறக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இதை நம் வீட்டு நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு மகன் காலை ஆறு மணி டியூஷனுக்காக ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால், எட்டு மணி நேர உறக்கத்துக்கே ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். மாலை டியூஷன் முடிந்து எட்டரைக்கு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதினால் பத்தரை ஆகிறது. நாள் முழுக்க அவனுக்கென்று அரை மணி நேரம்கூட இல்லை. அதைத்தான் படுக்கையில் போர்வைக்குள் கைப்பேசியோடு எடுத்துக்கொள்கிறான். மறுநாள் இரண்டாம் பீரியடில் ஆசிரியர் கவனச் சிதறல் என்று நினைப்பதில் பெரும்பகுதி தூக்கக் கலக்கம்.

இங்கே கைப்பேசியை மட்டும் பறித்தால் தூக்கம் வராமல் புரள்வான். ஓய்வு நேரத்தை இரவிலிருந்து மாலைக்கு மாற்றித் தர வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் முக்கால் மணி நேரம் தெருவில் விளையாடட்டும். பெண் பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய நிலையில்தான் நாம் இன்னும் இருக்கிறோம். இரண்டு டியூஷன்களில் எதை விடலாம் என்று பாருங்கள். இந்தக் கேள்வி பல பெற்றோருக்குப் பிடிக்காது. ஆனாலும் தூங்காத பிள்ளைக்கு மூன்றாவது ஆசிரியர் சொல்லித் தருவது மனத்தில் தங்காது.

ஏழாம் படி: ஆர்வத்துக்கான வேலையைத் தனியாகச் செய்யுங்கள்

'தொண்ணூறு எடுத்தால் புதுப் போன் வாங்கித் தருகிறேன்' என்ற பேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1973இல் உளவியலாளர்கள் லெப்பரும் கிரீனும் நிஸ்பெட்டும் படம் வரைவதில் விருப்பமுள்ள சிறு குழந்தைகளில் ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லி, சொன்னபடியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசே எதிர்பாராமல் வரைந்த குழந்தைகளைவிட அந்தக் குழு வரைவதில் குறைந்த நேரமே செலவிட்டது. பரிசாக வைக்கப்படும் பொருளின் மதிப்பு ஏறுகிறது; அதற்காகச் செய்யப்படும் வேலை கசப்பு மருந்தாகிவிடுகிறது. பொழுதுபோக்குக்கான கைப்பேசி நேரத்தை மதிப்பெண்ணோடு கட்டாமல், அன்றைய வேலை முடிந்தபின் எல்லா நாளும் கிடைக்கும் ஒன்றாக வைப்பது நல்லது. தண்டனையாகப் பறிப்பதற்கும் இதே காரணம் பொருந்தும்.

அடுத்து, உழைப்புக்கும் பலனுக்கும் இடையேயுள்ள தூரத்தை வீட்டில் குறைக்க வேண்டும். 'அறிவியல் படி' என்று சொன்னால் முடிவு எங்கே என்று தெரியாது. 'ஒளியியல் பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளில் முதல் நான்கு' என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததைச் சுவரிலுள்ள காலண்டர் தாளில் குறித்துவிடலாம். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, எங்கே உட்காருவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னோடு ஒருவர் இருக்கிறார் என்ற நெருக்கம் ஆகிய மூன்றும் கிடைக்கும்போது உள்ளிருந்து ஊக்கம் எழுகிறது என்று உளவியலாளர்கள் டெசியும் ரயானும் பல பத்தாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இத்தனை செய்தும் உட்கார மறுத்தால் அடிப்படையைச் சோதியுங்கள். எட்டாம் வகுப்பு மகளுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து பின்னக் கூட்டல் நான்கைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ் நாளிதழின் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அங்கேயே தடுமாறினால், கைப்பேசி அவளுக்குப் புகலிடமாக இருந்திருக்கிறது என்று பொருள். நாள் முழுவதும் ஒன்றும் புரியாத வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருபவளுக்குத் தான் வெல்லக்கூடிய ஒரு விளையாட்டு கைப்பேசியில் கிடைக்கிறது. அவளுக்கு விடுபட்ட பின்னத்தைச் சொல்லித் தருவதுதான் முதல் வேலை. திரைநேர விதி அதற்கு அப்புறம்.

எட்டாம் படி: பெரியவர்களின் கைப்பேசியும் கணக்கில் சேரட்டும்

பிள்ளை படிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் அதே அலமாரியில் இருக்கட்டும். அலுவலக அழைப்புக்காகக் காத்திருப்பவர் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, அழைப்பு வந்தால் எழுந்து போய் எடுக்கலாம். இந்த ஒன்றை ஏற்க முடியாத வீட்டில் மற்ற விதிகள் நெடுநாள் நிற்பதை நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் படி: உடன்பாட்டை எழுதி, மாதம் ஒருமுறை திருத்துங்கள்

இதுவரை முடிவானவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நேரத்தை நீங்கள் சொல்லலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அவனே சொல்லட்டும், நீங்கள் பேரம் பேசுங்கள். முதல் வாரத்தில் எரிச்சலும் 'போரடிக்கிறது' என்ற புலம்பலும் இருக்கும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சலிப்பை உடனே நிரப்ப ஓடாமல், கைக்கெட்டும் தூரத்தில் கேரம் பலகையோ, கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதைப் புத்தகமோ, மிதிவண்டியோ இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதிகள் உள்ளன. பக்கத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமைகளில் அழைத்துப் போகலாம். திருமணம், திருவிழா, உறவினர் வருகை என்று விதி உடையும் நாள்கள் வரும். உடைந்த மறுநாளே பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டால் போதும்.

பத்தாம் படி: பள்ளியோடு பேசுங்கள், தேவையானால் உதவி தேடுங்கள்

இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கைப்பேசிக்குத் தடை வந்தபின் மதிப்பெண் உயர்ந்தது பின்தங்கிய மாணவர்களுக்குத்தான். முன்னணி மாணவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்விலோ, தடையுள்ள பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் தடையில்லாத பள்ளிப் பிள்ளைகளினதைவிட மேம்பட்டிருக்கவில்லை. அவர்கள் ஒரு நாளில் கைப்பேசி பார்க்கும் மொத்த நேரமும் குறைந்திருக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் வாங்கி வைப்பது வகுப்பறையைக் காக்கும். மாலையையும் இரவையும் வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை எளியவை. வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லலாமா? குழுவில் அனுப்புவதென்றால் மாலை ஆறு மணிக்குள் ஒரே செய்தியாக அனுப்ப முடியுமா? ஆசிரியர் மட்டுமே பதிவிடும்படி குழுவை அமைக்கலாமா? ஒருவராகக் கேட்பதைவிட அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், பிற பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். பிள்ளைக்குப் பாடம் புரியும் நாள்களும் புரியாத நாள்களும் எவை என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதும் உங்கள் முதல் வார நோட்டோடு ஒப்பிடப் பயன்படும்.

கைப்பேசியை வாங்கினால் பொருள்களை உடைப்பது, சாப்பாட்டையும் நண்பர்களையும் விடுவது, பள்ளிக்கே போக மறுப்பது, விளையாட்டுக்காக வீட்டுப் பணத்தை எடுப்பது போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால், வீட்டு விதிகளால் தீரக்கூடிய கட்டம் அது அன்று. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். பள்ளி தொடர்பான வழிகாட்டலுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் உள்ளது. அவ்வளவு தூரம் போகாத பிள்ளையாக இருந்தாலும், கவனம் இல்லை என்ற முறையீடு இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தால் முதலில் கண்ணைச் சோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்பதைச் சொல்லத் தெரியாமலே பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். கண்ணும் காதும் சரியாக இருந்து, எழுத்துகளை மட்டும் தொடர்ந்து இடம் மாற்றி வாசிக்கிறான் என்றால், கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டை மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம்.